இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய மாருதி 800: இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்ட முழுமையான வழிகாட்டி

மாருதி 800-இல் இருக்கும் மூன்று சிலிண்டர், 796 சிசி எஃப்8பி இன்ஜினை வைத்து இதை எழுதுகிறேன். ஆம்னியிலும் இதே இன்ஜின்தான், இறக்கும் விதம் மட்டும் வேறு. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒரே கேம்ஷாஃப்ட், டைமிங் பெல்ட். வீட்டில் முதன்முதலாகக் கட்டிப் பார்க்க இதைவிட எளிய கார் இன்ஜின் நம் ஊரில் கிடைக்காது.

முதலில் என் வண்டி, அடுத்து மச்சானின் ஆம்னி. அப்புறம் தெருவில் இரண்டு பையன்கள் தங்கள் வண்டியைக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருவருக்குமே கைவேலை நன்றாக வந்தது. பணம் கரைந்தது வேலையின் வரிசை மாறிய இடங்களில்தான். அதனால் முதலில் ஒரு அட்டையில் இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: சோதி, இறக்கு, பிரி, கழுவு, அள, பிஸ்டன் வாங்கு, லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) கொடு, மறுபடி கழுவு, கட்டு. அளப்பதற்கு முன் எந்தப் பாகமும் வாங்கக் கூடாது.

1. இன்ஜினுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா?

புகை வந்தாலே இன்ஜினை இறக்க வேண்டும் என்பதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு ஆயில் சீல்தான் காரணம். அதற்கு ஹெட் வேலை மட்டும் போதும். மேடு ஏறும்போதும், ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டும்போதும் நீலப்புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கின்றன. வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது கம்ப்ரெஷன் சோதனை. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரெஷன் கேஜை ஒவ்வொரு பிளக் துளையிலும் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டால் உள்ளே காற்று சரியாகப் போகாது. நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். நல்ல நிலையில் சதுர செ.மீ.க்கு 12 கிலோ, அதாவது 170 பி.எஸ்.ஐ. பக்கம் வரும். பத்துக்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேலை இருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு சட்டென்று ஏறினால் ரிங் தேய்மானம், ஆயில் இடைவெளியை அடைத்ததால் ஏறுகிறது. ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்த ஒரு சோதனை பல பேருக்கு இன்ஜினை இறக்கும் வேலையையே மிச்சப்படுத்தும்.

இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்கினாலோ, அடியிலிருந்து டொக் டொக் என்று கனமான சத்தம் வந்தாலோ மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். பேரிங் போயிருக்கும். ஓட்ட ஓட்ட கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சேர்ந்து கெடும்.

2. பழைய இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றினால்

சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய இன்ஜின் முழுதாகவே கிடைக்கும், விலையும் ஆசை காட்டும். ஆனால் அதன் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. இன்னொன்று, பிளாக் மாறினால் இன்ஜின் நம்பர் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றாவிட்டால், 15 வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டி அங்கேயே நின்றுவிடும். உங்கள் பிளாக்கையே ரீபோர் செய்தால், அதாவது போரைப் பெரிதாகக் கடைந்தால், இந்தச் சிக்கல் இல்லை.

3. பிரிப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), நல்ல நேர்முனை இரும்பு ஸ்கேல், வால்வு ஸ்பிரிங் அழுத்தி, வால்வு லேப்பிங் பேஸ்ட். டார்க் ரெஞ்சைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கலாம், அது இல்லாமல் மட்டும் கட்ட வேண்டாம். ‘கை அளவு’ என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது ஆயிரம் இன்ஜின் கட்டிய கைக்கு. முதல் இன்ஜின் கட்டும் கைக்கு அந்த அளவு இருக்காது.

உங்கள் வருட மாடலுக்கான சர்வீஸ் கையேடு கட்டாயம் வேண்டும். டார்க் அளவுகள், வால்வு இடைவெளி, ஜர்னல் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் பகுதி) அளவு எல்லாம் அதில் இருக்கின்றன. தேவையான எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கிரீஸ் கையோடு பக்கம் புரட்ட முடியாது.

அப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், மாஸ்கிங் டேப், மார்க்கர், பழைய பனியன் துணி இரண்டு கிலோ, டீசல் ஐந்து லிட்டர், துணி சோப்புத்தூள். மழையும் தெருத்தூசியும் வராத இடம் வேண்டும். கார் ஷெட் இல்லாவிட்டால் வீட்டுக்குள் ஒரு மூலையை இன்ஜினுக்கு ஒதுக்கிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

4. பணத்தை எப்படிப் பிரிப்பது

கையில் இருப்பதை மூன்று பங்காக்குங்கள். ஒன்று லேத்து வேலைக்கு, ஒன்று பாகங்களுக்கு. மூன்றாவதை, பிரித்துப் பார்க்கும்வரை தொடக் கூடாது. கேம்ஷாஃப்ட் தேய்ந்திருப்பதோ, ஹெட்டில் விரிசல் இருப்பதோ பிரித்த பிறகுதான் தெரியும். மூன்றாம் பங்கு இல்லாமல் தொடங்கிய வண்டிகள் பாதியில் தார்ப்பாய் மூடி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்டிப்பாகப் புதிதாக வாங்க வேண்டியவை: ரிங், பேரிங், முழு கேஸ்கெட் செட், எல்லா ஆயில் சீலும், டைமிங் பெல்ட், ஆயில் ஃபில்டர். வாட்டர் பம்ப்பையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, பிறகு மாற்றினால் அதே உழைப்பை இரண்டு முறை செய்ய வேண்டும். மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், பிராக்கெட், ஹெட் இவற்றைப் பழையதாக வாங்கலாம்.

5. இறக்குவது

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் உள்ள) வண்டியானால் அதற்கும் முன்பு ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பைப்பில் அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். ஆயிலையும் கூலன்ட்டையும் வடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஒயர், ஹோஸ், வேக்யூம் டியூப் கழற்றும் முன்பும் செல்போனில் ஒரு படம், இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப். கார்புரேட்டர் வண்டியில் வேக்யூம் டியூப்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மூன்று வாரம் கழித்து நினைவு கைகொடுக்காது.

இந்த இன்ஜின் கனம் குறைவுதான், ஆனாலும் தோளில் தூக்க வேண்டாம். செயின் பிளாக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். மாட்டும் உத்தரம் வலுவானதா என்று முதலில் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

6. பிரிப்பது

ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும். வெளிப்புறத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும்.

டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன், கேம் புல்லி குறி, கிராங்க் குறி இரண்டையும் நேர்படுத்தி வெள்ளை பெயிண்டால் அடையாளம் வைத்துப் படம் எடுங்கள்.

போல்ட்டுகளுக்கு ஒரு வழி: அட்டைப்பெட்டியின் பக்கத்தில் பாகத்தின் உருவத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எந்த போல்ட் வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கி அலுமினியத்தை உடைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

பிஸ்டனை மேலே தள்ளும் முன், சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அது தேயாமல் நிற்கும் வரப்பு. அதைச் சுரண்டிச் சமப்படுத்தாமல் பிஸ்டனை அடித்துத் தள்ளினால் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும். பிஸ்டனை மாற்றுவது என்று அளந்து முடிவு செய்யும்வரை அதை உடைக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது.

கான்ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கை) மூடியும் மெயின் பேரிங் மூடியும் அந்தந்த இடத்துக்கே அளந்து கடையப்பட்டவை. மூடியை அதே கான்ராடோடு உடனே சேர்த்து மாட்டி, சிலிண்டர் எண்ணை எழுதுங்கள். தெருப்பையன் ஒருவன் மூன்று மூடியையும் ஒரே டீசல் வாளியில் போட்டுக் கழுவிவிட்டு, “அண்ணே, இதுல எது எதோடது?” என்று கேட்டான். நல்லவேளையாக அதில் பழைய குறிகள் இருந்தன. குறி இல்லாவிட்டால் மூன்றையும் லேத்தில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டியிருந்திருக்கும்.

7. முதல் கழுவல்

அளப்பதற்காகக் கழுவுவது இது. டீசலும் பிரஷ்ஷும் போதும். பெட்ரோலில் கழுவாதீர்கள், ஒரு பொறி போதும். அலுமினிய ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை இரும்பு உளியால் சுரண்டக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் அந்த வழியே தண்ணீர் கசியும். பிளாஸ்டிக் தகடும் பொறுமையும் போதும்.

8. அளப்பது: வழிகாட்டியின் முக்கியமான இடம்

சிலிண்டர் போரை அளக்க டயல் போர் கேஜ் வேண்டும், அது லேத்தில் இருக்கும். ஆனால் லேத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே தேய்மானத்தைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. பழைய மேல் ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வரப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ரிங் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே ரிங்கைச் சிலிண்டரின் அடிப்பகுதிக்குத் தள்ளி மறுபடி அளங்கள். அங்கே தேய்மானம் குறைவு. இரண்டின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் மேலும் கீழும் போரின் விட்டம் எவ்வளவு மாறுகிறது என்று வரும். மேலே 0.75 மி.மீ., கீழே 0.40 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.35, அதை 3.14-ஆல் வகுத்தால் 0.11 மி.மீ.

0.10 மி.மீ.யைத் தாண்டினால் ரீபோர்தான். அதற்குக் கீழே இருந்து, சுவரில் ஆழக் கீறலும் இல்லை, பிஸ்டனும் நன்றாக இருக்கிறது என்றால் ஹானிங் செய்து (கல்லால் போரை லேசாகத் தேய்த்து) புது ரிங் போட்டுச் சமாளிக்கலாம். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பிரிப்பதற்கு முன்பே ‘ஸ்டாண்டர்டு’ ரிங் செட் வாங்கி வைத்துவிட்டு, தேய்ந்த போரில் அதையே போடுகிறார்கள். கூம்பாகத் தேய்ந்த போரில் புது ரிங் மேலே விரிந்து கீழே சுருங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் பள்ளத்துக்குள் ஆடும். சில மாதத்தில் புகை திரும்பி வரும்.

கிராங்க் ஜர்னல்களை நகத்தால் குறுக்கே தடவுங்கள். நகம் மாட்டும் கோடு இருந்தால் கிரைண்டிங் தேவை. மழமழவென்று இருந்தாலும் மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளக்க வேண்டும். முட்டை வடிவத் தேய்மானம் கண்ணுக்கும் நகத்துக்கும் தெரியாது. லேத்தில் ஐந்து நிமிட வேலை.

கழற்றிய பேரிங்கை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே சீரான சாம்பல் நிறம் என்றால் சாதாரணத் தேய்மானம். செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு போய்விட்டது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கான்ராட் வளைந்திருக்கலாம், லேத்தில் நேர் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெட்டின் அடிமுகத்தில் ஸ்கேலை நீளவாக்கிலும், குறுக்கிலும், மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகம் சீவ வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் நேரடியாக ஹெட்டின் அலுமினியத்தில்தான் சுழல்கிறது, தனியாக பேரிங் கிடையாது. அந்தத் துளைகள் தேய்ந்திருந்தால் புது மெயின் பேரிங் போட்டாலும் ஆயில் அழுத்தம் ஏறாது. நல்ல பழைய ஹெட் தேட வேண்டியதுதான். மூன்றாம் பங்குப் பணம் இங்கேதான் உதவும்.

9. முதலில் பிஸ்டன், அப்புறம் போரிங்

நான் முதல் முறை வெறும் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போனேன். மாஸ்டர் பிளாக்கைப் பார்க்கவே இல்லை, என் கையைப் பார்த்தார். “பிஸ்டன் எங்க தம்பி? எந்த அளவுக்கு நான் கடையறது?” என்றார்.

போரைப் பிஸ்டனுக்கு ஏற்பத்தான் கடைய வேண்டும். இந்த இன்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 68.5 மி.மீ. அதற்கு மேல் 0.25, 0.50 மி.மீ. கூடுதல் அளவு பிஸ்டன்கள் கிடைக்கும். டப்பாவில் 0.50 என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் நுண்ணளவில் மாறும். மாஸ்டர் பிஸ்டனை அளந்து, இடைவெளியைச் சேர்த்துக் கடைவார். அதனால் எந்த அளவு வேண்டும் என்று அவரிடம் அளந்து கேட்டு, பிஸ்டன் வாங்கி வந்து, அதன் பிறகே பிளாக்கைக் கொடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தாலும் மூன்றையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் எடை மாறி இன்ஜின் அதிரும்.

பேரிங் வாங்குவது இதற்கு நேர்மாறு. கிராங்க்கை எவ்வளவு கிரைண்ட் செய்தார்கள் என்று தெரிந்த பிறகே அந்த அளவில் வாங்க வேண்டும்.

புதுப் பிஸ்டனில் கான்ராடை ஏற்றுவதை லேத்திலேயே செய்யச் சொல்லுங்கள். வீட்டில் பின்னைச் சுத்தியலால் அடித்தால் கான்ராட் வளையும். ஏற்றும்போது பிஸ்டன் தலையின் அம்புக்குறியும் கான்ராடின் பக்கமும் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று சொல்லி, வாங்கும்போதும் பாருங்கள்.

பாகம் வாங்கச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ உங்கள் ஊர் ஸ்பேர் கடைக்கோ போகும்போது பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். கடையில் வைத்தே பக்கத்தில் பக்கம் ஒப்பிட்டுப் பாருங்கள். போலி பேரிங்கும் போலி ஆயில் சீலும் டப்பாவில் தெரியாது, விளிம்பு வேலையில் தெரியும்.

10. பிளாக் லேத்தில் இருக்கும்போது ஹெட் வேலை

வால்வுகளை எந்த இடத்திலிருந்து கழற்றினீர்களோ அதே வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். கரியைச் சுத்தம் செய்து, லேப்பிங் பேஸ்ட்டைச் சீட்டில் மெல்லியதாகத் தடவி, உறிஞ்சுக் கோலால் முன்னும் பின்னும் சுழற்றுங்கள். முழு வட்டமாகச் சுற்றக் கூடாது, வட்டக் கீறல் விழும். சில சுழற்சிக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்துத் தொடருங்கள். வால்விலும் சீட்டிலும் உடையாத ஒரே சாம்பல் வளையம் வந்தால் போதும்.

பேஸ்ட் துளிகூட மிச்சமில்லாமல் கழுவுங்கள். வால்வு, ஸ்பிரிங் மாட்டிய பின் ஹெட்டைக் கவிழ்த்து, எரிஅறைகளில் டீசல் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். போர்ட் பக்கம் கசிந்தால் அந்த வால்வை மறுபடி லேப் செய்ய வேண்டும். ஆயில் சீல்கள் புதிதாகத்தான் போட வேண்டும். ஹெட் முகம் சீவச் சொன்னால், சமமாகும் அளவுக்கு மட்டும் சீவச் சொல்லுங்கள்.

11. இரண்டாம் கழுவல்

புதிதாகக் கட்டிய இன்ஜின் சீக்கிரம் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இந்தக் கழுவலைச் சோம்பலில் விடுவதுதான். ஹானிங் கல்லின் பொடி போரின் குறுக்குக் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். டீசலோ பெட்ரோலோ அதை எடுக்காது, எண்ணெயை மட்டும் கரைத்துவிட்டுப் பொடியை அங்கேயே விட்டுவிடும். வெந்நீரும் சோப்புத்தூளும் நைலான் பிரஷ்ஷும்தான் அதைத் தூக்கும்.

என் பிளாக்கைக் கழுவிய அன்று, முதல் தடவை தேய்த்து அலசிவிட்டு வெள்ளைப் பனியன் துணியை ஆயிலில் நனைத்துப் போரில் துடைத்தேன். ஸ்லேட்டு அழிக்கும் துணி மாதிரிச் சாம்பலாக வந்தது. இரண்டாம் தடவையும் சாம்பல், கொஞ்சம் வெளிர். மூன்றாவதில் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. நான்காவது முறைதான் துணி வெள்ளையாகவே வந்தது. அதுவரை நிறுத்தாதீர்கள். அந்தச் சாம்பல் உள்ளே இருந்தால் புது ரிங்கையும் பேரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

கிராங்க்கின் ஆயில் துளைகளிலும் பிளாக்கின் ஆயில் வழிகளிலும் மெல்லிய நீளப் பிரஷ் விட்டுத் தேய்த்து, சோப்புநீர் பாய்ச்சி, காற்றடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் இரண்டு நிமிடம் காற்று கேட்டால் தருவார்கள். ஹெட் போல்ட் ஓட்டைகளிலும் காற்றடியுங்கள். அடியில் தண்ணீரோ ஆயிலோ தங்கியிருந்து போல்ட்டை முறுக்கினால் அது அமுங்காது, பிளாக்கைத்தான் பிளக்கும்.

காய்ந்த உடனே போரில் ஆயில் தடவி, பாலிதீன் பையால் மூடிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு மணி நேரத்தில் துரு நிறம் ஏறிவிடும்.

12. கிராங்க் ஏற்றுவது

பேரிங் உட்காரும் இடமும் பேரிங்கின் முதுகும் சுத்தமாக, ஆயில் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். முதுகில் ஆயிலோ தூசியோ இருந்தால் பேரிங் சரியாக ஒட்டாது, சூடும் வெளியேறாது. உள்முகத்துக்கு மட்டும் ஆயில். ஆயில் துளை உள்ள பாதி பிளாக்கின் துளைக்கு நேராக வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆயில் போடும் முன் பிளாஸ்டிகேஜ் இழையை ஜர்னல் மேல் வைத்து, மூடியை முழு டார்க்கில் இறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இடைவெளி 0.02-இலிருந்து 0.05 மி.மீ.க்குள் வந்தால் நிம்மதி. இழை உள்ளே இருக்கும்போது கிராங்க்கைச் சுற்றக் கூடாது.

பிறகு ஆயில் விட்டு, மூடிகளை எண்ணும் அம்புக்குறியும் பார்த்து வைத்து இறுக்குங்கள். ஒவ்வொரு மூடி இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு பிடித்தால் எது பிடிக்கிறது என்று தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் கடைசியாக இறுக்கியதுதான் குற்றவாளி.

13. ரிங்கும் பிஸ்டனும்

ரிங்கை நேராகப் பிஸ்டனில் மாட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டரில் வைத்து முனை இடைவெளி அளங்கள். இந்தப் போருக்கு மேல் ரிங்கில் 0.25 மி.மீ. பக்கம் எதிர்பார்க்கலாம், சரியான எல்லையைக் கையேட்டில் பாருங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டி, ரிங் உடைந்து போரைக் கீறும். மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி அராவுங்கள்.

ரிங்கில் எழுத்தோ புள்ளியோ இருக்கும் பக்கம் மேலே. முனைகள் ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் 120 டிகிரி விலக்கி வையுங்கள்.

ரிங் அழுத்தி வாங்கப் பணம் இல்லை என்றால், ஆயில் டின் தகட்டைப் பட்டையாக வெட்டி, ஓரங்களை மழுக்கி, பெரிய ஹோஸ் கிளிப்பால் இறுக்கினால் வேலை நடக்கும். கான்ராட் போல்ட்டுகளுக்கு ரப்பர் டியூப் துண்டு மாட்டுங்கள், இறங்கும்போது போல்ட் முனை கிராங்க்கைக் கீறாது. சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்தி வெளியே எடுத்துவிட வேண்டும். அது அநேகமாக வெளியே நழுவிய ரிங், இன்னும் ஓங்கித் தட்டினால் உடையும்.

14. மூடுவதும் டைமிங்கும்

ஆயில் பம்ப்பைத் திறந்து, பற்களுக்கு நடுவே வாஸ்லைன் அடைத்து மூடுங்கள். காய்ந்த பம்ப் முதல் ஸ்டார்ட்டில் ஆயிலை இழுக்காது. ஆயில் சட்டிக்கு அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவும்போது மெல்லிய ஒரே கோடு போதும். அதிகமானால் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் சல்லடையை அடைக்கும்.

ஹெட் கேஸ்கெட்டைக் காய்ந்த முகங்களுக்கு நடுவே, மேல்பக்கக் குறி பார்த்து வையுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று கட்டமாக டார்க் ஏற்றுங்கள்.

டைமிங் பெல்ட் மாட்டியதும், கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாக இரண்டு முழுச்சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேர்படுகின்றனவா என்று பாருங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் பலம் கொடுக்க வேண்டாம். பிறகு வால்வு இடைவெளி வைத்து, பிளக் ஒயர்களை 1-3-2 வரிசையில் மாட்டுங்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். பழைய இன்ஜின் சூடேறியே கெட்டிருந்தால், அதே ரேடியேட்டர் புதியதையும் கெடுக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் பழக்கம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் நீண்ட நேரம் குளிர்ந்தே ஓடி, போர் சீக்கிரம் தேயும்.

15. முதல் ஸ்டார்ட்

மினரல் ஆயில் ஊற்றுங்கள். சிந்தெடிக் இப்போது வேண்டாம், ரிங் போரோடு பழக வேண்டும். பிளக் இல்லாமல், காயிலும் ஃபியூயல் பம்ப்பும் துண்டித்த நிலையில், பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். ஆயில் லைட் அணையும்வரை பிளக் மாட்டக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் நீண்ட நேரம் ஐட்லிங்கில் விட வேண்டாம். ஆயில் லைட், சூடு, கசிவு மூன்றையும் பார்த்து, சூடு நிலைத்ததும் ரோட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். ரிங்கைப் போர் சுவரோடு அழுத்துவது எரிஅறையின் அழுத்தம்தான், அது சுமையோடு ஓடினால்தான் வரும். மூன்றாம் கியரில் மிதமாக அழுத்தி வேகம் ஏற்றி, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. முதல் சில நிமிடம் புகை வரும், அசெம்பிளி ஆயில் எரிவது அது.

16. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நான்கு பேரோடு மலை ஏற இப்போது வேண்டாம். தினமும் காலையில் ஆயில் குச்சியையும் கூலன்ட்டையும் பாருங்கள்.

500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். நுண்ணிய மினுமினுப்பு இருக்கும், அது ரிங் பழகுவதன் பொடி. செதிலாகவோ செம்பு நிறமாகவோ ஏதாவது மின்னினால் வண்டியை எடுக்காமல் ஆயில் சட்டியைக் கழற்றிப் பேரிங்கைப் பாருங்கள். 1000-இல் மறுபடி ஆயில் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, கம்ப்ரெஷனை மறுபடி அளந்து, பிரிப்பதற்கு முன் எழுதி வைத்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.